கோடியக்கரை, முத்துப்பேட்டை: எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வரும் சுற்றுலா வண்டிகளில் பெரும்பாலானவை வேளாங்கண்ணியோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் வேதாரண்யம், கோடியக்கரை, அங்கிருந்து மேற்கே வளைந்து முத்துப்பேட்டை என்று கிடக்கிற கரைதான் டெல்டாவின் நிஜமான கடற்கரை. இரண்டு நாள் ஒதுக்கிப் போய்வர ஏற்ற இடமா என்று கேட்டால், மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடிய, கட்டாயம் போக வேண்டிய இடம். சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்கு லீவு என்று கூட்டிப் போவதென்றால் வேண்டாம். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்களை விசாரித்துப் பாருங்கள். மே மாதம், பகல் பதினொரு மணிக்குப் போயிருப்பார்கள்.

காரணம் தண்ணீர். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. இந்த முனைக்குக் கிழக்கே திறந்த வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. முனைக்குப் பின்னால் மேற்கு நோக்கி நீண்டு கிடப்பது வேதாரண்யம் சதுப்பு நிலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சதுப்பு நிறைந்து ஏரி போலாகும். அந்த ஆழத்தில் காலூன்றி நின்று மேயும் பறவைக்கு வேலையில்லை. தை பிறந்ததும் தண்ணீர் வடிந்து கணுக்கால் அளவுக்கும் முழங்கால் அளவுக்கும் இறங்கும்போதுதான் கூட்டம் வந்து இறங்கும். பங்குனிக்கு மேல் அதே இடம் உப்புப் பொருக்குத் தட்டி, களிமண் வெடித்துக் கிடக்கும். பறவை, மான், படகு, உப்பு, மீன் எல்லாமே இந்த ஏற்ற இறக்கத்தின் கணக்கில்தான் நடக்கின்றன.

கோடியக்கரை 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம் இதுதான். வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு வழியாகச் சுமார் 11 கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருக்கிறது, ஆனால் வேகமாகப் போகிற சாலை இல்லை. இருபுறமும் காடு வரும் இடத்தில் மாடும் குரங்கும் குறுக்கே வரும். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் இன்று நிற்கிற வண்டி ஒவ்வொன்றையும் அவை சோதனை போடுகின்றன.

பறவை பார்க்க விடிகாலை நேரத்தை விட்டால் பாதி போயிற்று. சதுப்பு மேற்கே இருப்பதால், காலையில் மேற்கு நோக்கி நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் மேல் நேர் வெளிச்சம் படும். சாயங்காலம் போனால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அஸ்தமனம் அழகுதான், ஆனால் எது உள்ளான், எது ஆலா என்று பிரித்தறிய முடியாது. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் குடும்பத்துக்கு ஒன்றாவது வேண்டும். கைப்பேசி கேமராவை நம்பிப் போனால் தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கிடைக்கும்.

அந்த வெள்ளைக் கோடுதான் பூநாரை. முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருப்பது இங்கேதான். படங்களில் பார்த்த செக்கச்சிவந்த பறவையைத் தேடுவார்கள். நம் கரைக்கு வருவது பெரிய பூநாரை. சிறகு மடக்கி நிற்கையில் வெளுத்துத்தான் இருக்கும். இளம் பறவைகள் சாம்பல் பூத்திருக்கும். அவசரப்படாமல் பைனாகுலரை ஒரே கூட்டத்தின் மேல் பத்து நிமிடம் வைத்திருங்கள். கழுத்தை முழுக்க இறக்கி, தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி சேற்றில் வைத்து மேயும். அலகுக்குள் சீப்பு போன்ற ஓரங்கள் இருக்கின்றன. நாக்கை முன்னும் பின்னும் இழுத்து நீரை உறிஞ்சித் தள்ளும்போது நுண்ணிய உயிர்கள் அந்தச் சீப்பில் தங்கிவிடும். சில பறவைகள் ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதித்துச் சுற்றுவதும் தெரியும். அடிச்சேற்றைக் கலக்கி இரையை மேலே எழுப்பும் வேலை அது. பிறகு ஏதோ ஒரு காரணத்தால் கூட்டம் எழும்பும். அப்போதுதான் சிறகின் உள்ளிருந்த ரோஜா நிறமும் கறுப்பு விளிம்பும் ஒரே நொடியில் விரியும். அதற்காக வண்டி ஹார்னை அடித்துப் பறவையைக் கிளப்புபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நெடுந்தூரம் பறந்து வந்து மேய்ந்து உடம்பு தேற்றுகிற உயிருக்கு ஒவ்வொரு வீண் எழும்பலும் நஷ்டம்.

பூநாரையோடு நின்றுவிடாதீர்கள். கரண்டிவாயன், கூழைக்கடா, ஆலா, கடற்காகம் எல்லாம் சுலபமாகக் கண்ணில் படும். சேற்று விளிம்பில் எலிக்கூட்டம் போல ஓடும் உள்ளான்கள்தான் இந்தக் கரையின் பெருந்தொகை. வடகோடி நாடுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறவை. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் கால் வளையம் பூட்டி ஆய்வு செய்துவருகிறது. காலில் வளையமோ நிறப் பட்டையோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், மேலே எது கீழே எது என்று குறித்துக்கொண்டு வனத்துறையினரிடம் சொல்லுங்கள். அது உண்மையாகவே உதவும் தகவல்.

காட்டுக்குள் பார்க்க வேண்டியது வெளிமான். பேரிலேயே இருக்கிறது, வெட்டவெளியில் வாழும் மான். மரத்தடியில் தேடினால் புள்ளிமான்தான் கிடைக்கும். புல்வெளித் திட்டுகளில் தேடுங்கள். பெட்டையும் குட்டியும் மஞ்சள் கலந்த பழுப்பு, வளர்ந்த கிடா முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்போடு நிற்கும். காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நான்குக்கு மேல் என்பது சரியான நேரம். நடுப்பகலில் படுத்துவிடும். வண்டியை விட்டு இறங்காமல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் அதுவே மேய்ந்துகொண்டு கிட்டே வரும். இறங்கி நடந்தால் ஓடிவிடும். இறங்கவே கூடாத பகுதிகளும் உண்டு, சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளில்லாமல் திரியும் மட்டக்குதிரைகளையும் பார்ப்பீர்கள். யாரோ அவிழ்த்துவிட்டவை என்று நினைக்க வேண்டாம், தலைமுறைகளாகக் காட்டிலேயே கிடந்து பெருகியவை.

காடு என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கற்பனை செய்துகொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கடலோர உலர் பசுமைமாறாக் காடு. பாலை, நாவல், காரை, உகா என்று ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நெருக்கமாக, காற்றில் ஒருபக்கம் சாய்ந்து வளர்ந்த மரங்கள். இந்த வகைக் காடு தமிழகத்துக் கரையில் மிச்சமிருக்கும் இடங்கள் மிகக் கொஞ்சம். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது இந்தக் காடும் சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளும் பட்ட அடியின் சுவடு இன்னும் முற்றிலும் ஆறவில்லை. வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக்கருவேலம் புல்வெளியைத் தின்பது இன்னொரு தொல்லை. வெளிமானுக்குப் புல்தானே வீடு.

இராமர் பாதம் என்கிற சிறு மேடு சரணாலயத்திலேயே உயரமான இடம். உயரம் என்றால் கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர். அவ்வளவுதான் இந்த நாட்டில் மலை! ஆனால் மேலே ஏறி நின்றால் நாலாபுறமும் காடும் வெளியும் விரிந்து தெரியும், தவறவிடாதீர்கள். கோடியக்காட்டில் சாலையோரமே குழகர் கோயில் இருக்கிறது. கடற்காற்று அடிக்கும் இந்தக் கரையில் துணையில்லாமல் ஏன் தனியே இருக்கிறாய் என்று சுந்தரர் இறைவனிடம் கேட்ட இடம். சாயரட்சையில் போனால் அந்தக் கேள்வி புரியும்.

கடற்கரையைப் பொறுத்தவரை குளிக்க ஏற்ற இடம் இல்லை என்பதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். முனையில் இரண்டு கடலின் நீரோட்டம் சந்திக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குப் பக்கம் கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் அடங்கியிருக்கும். சோழகம் என்கிற தென்காற்று எழுந்தால் அப்படியே மாறும். அடங்கிய பக்கமும் காலை வைத்தால் சேறு உள்வாங்கும். இங்கே வந்து பார்க்க வேண்டியது மீனவர் குடில்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வாக்கில் வரை நாகை, காரைக்கால் முதலிய ஊர்களிலிருந்து மீனவர்கள் வந்து கீற்றுக்கொட்டகை போட்டுத் தங்கிப் பாடு பார்க்கிறார்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு ஃபைபர் படகுகள் கரை ஏறும்போது நின்றால் வலையிலிருந்து மீன் கழற்றுவதையும் ஏலம் போடுவதையும் பார்க்கலாம். வலையை மிதிக்காதீர்கள், காயும் கருவாட்டைத் தாண்டாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பருவம் முடிந்தபின் வந்தால் வெறும் மணலும் கம்புகளும்தான்.

அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் பங்குனி ஆமை முட்டையிடக் கரை ஏறும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்து, ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. விடும் நாளில் அனுமதியோடு கூட நிற்க முடிந்தால் பாக்கியம். டார்ச், ஃப்ளாஷ் இரண்டும் ஆகாது. குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும், கடலை விட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்துபோனது. எஞ்சிய கட்டுமானத்தைத்தான் பார்க்க முடியும். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு முழுக் கோபுரம் தேடி அலைய வேண்டாம்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், தொப்பி, மங்கிய நிற முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடுப்பு. புல்லுக்குள் உண்ணி ஏறும். ஏறிய உண்ணியை நகத்தால் நசுக்கி இழுத்தால் வாய் தோலுக்குள் நின்று புண்ணாகும். சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். கோடியக்கரையில் சாப்பாட்டுக்கு நம்பிக்கையான ஏற்பாடு குறைவு, காலைப் பலகாரத்தை வேதாரண்யத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள். தங்குவதற்கும் வேதாரண்யம்தான் வசதி. சரணாலயத்துக்குள்ளேயே வனத்துறை இல்லத்தில் தங்க விரும்பினால் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி வாங்க வேண்டும். நேரில் போய்க் கேட்டால் சனி ஞாயிறில் கிடைப்பது அரிது.

திரும்பும் வழியில் அகஸ்தியன்பள்ளி உப்பளங்கள். இராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து கிளம்பி, ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானது இங்கேதான். நினைவுத் தூண் சாலையோரம் இருக்கிறது, ஐந்து நிமிடம் போதும். அளத்தைத்தான் நின்று பார்க்க வேண்டும். நீரின் உப்புச் செறிவை அளக்கும் போமே மானியில் கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட்டு 25 டிகிரி வந்ததும் உப்பு படியத் தொடங்கும். 29ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து இறங்கிவிடும், அதனால் அந்த நீரை வெளியேற்றியாக வேண்டும். தையில் போனால் பாத்தியைச் செப்பனிட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலையும், மாசி பங்குனியில் போனால் வாருவதும் பார்க்கலாம். ஒரு மழை பெய்தால் மொத்த உழைப்பும் கரைந்துவிடும். குவியல்களைக் கீற்று வேய்ந்து மூடியிருப்பது அதற்குத்தான். வரப்பில் நடக்கலாம், அதுவும் கேட்டுவிட்டு. பாத்திக்குள் காலை வைத்தால் கெட்டித்த அடிமண் பெயர்ந்து உப்பு அழுக்காகும், அது அவர்கள் கூலியில் விழும் அடி.

வேதாரண்யத்தில் சாயங்காலத்தைக் கோயிலுக்கு வையுங்கள். "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்பது வெறும் எதுகைக்குச் சொன்னதில்லை. அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி மூடிய மறைக்காட்டுக் கதவும் இங்கேதான். பக்கத்து தேத்தாகுடி முல்லைப்பூவுக்குப் பேர் போன ஊர், கடைத்தெருவில் முழம் போடும் பூவின் வாசனை உப்புக்காற்றையும் மீறும்.

இரண்டாம் நாள் முத்துப்பேட்டையின் சதுப்புநிலக் காடு. பிச்சாவரம் போல என்று நினைத்துப் போகாதீர்கள். பிச்சாவரத்தில் சுரபுன்னை வளைவேர் ஊன்றி நிற்கும் ஒடுக்கமான கால்வாய்களில் துடுப்புப் படகு நுழையும். முத்துப்பேட்டையில் ஆட்சி செய்வது அலையாத்தி. வளைவேர் கிடையாது. சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது போல ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் மேல்நோக்கி நிற்கும். காற்றில்லாத சேற்றில் புதைந்த வேருக்கு அதுதான் மூக்கு. மோட்டார் படகில் கோரையாற்றின் வழியே நீண்ட தூரம் போக வேண்டும். முதல் பகுதியில் தென்னையும் கருவேலமும் இறால் பண்ணையும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு இரு கரையும் அலையாத்தி சூழும். அதன் பிறகு கரைகள் திடீரென்று விலகி, கடல் போன்ற காயல் திறக்கும். அந்த இடத்துக்காகத்தான் இந்தப் பயணமே. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு எல்லாம் மேட்டூரில் புறப்பட்ட தண்ணீரின் மிச்சத்தை இங்கே கொண்டுவந்து கொட்டுகின்றன. காவிரி முடிவது பூம்புகாரில் மட்டும் இல்லை.

படகுக்கு முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே பேசிவிடுங்கள். ஏறுமிடம் ஜாம்புவானோடை பக்கம். வாடகை படகுக்கு மொத்தமாகவா தலைக்கா, எத்தனை மணி நேரம், காயல் வரை போவார்களா, பாதியில் ஆற்றோடு திருப்புவார்களா என்ற நான்கையும் ஏறுவதற்கு முன் கேளுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான் வருகிறது. ஆற்றோடு திரும்பினால் முத்துப்பேட்டையைப் பார்த்ததாகக் கணக்கில்லை.

காலை ஏழுக்குள் கிளம்பிப் பதினொன்றுக்குள் திரும்புவது நல்லது. காயலில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இராது. பகலில் கடற்காற்று எழுந்தால் ஆழமில்லாத நீரில் குட்டையான, செங்குத்தான அலைகள் கிளம்பி, படகு தூக்கித் தூக்கிப் போடும், ஆளெல்லாம் நனைந்துவிடும். தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால் மோட்டார் இறக்கை சேற்றில் உழும், சில சமயம் வலைத்துண்டோ பாசியோ சுற்றிக்கொண்டு நிற்கும். படகோட்டி கழி ஊன்றித் தள்ளுவார், பதற வேண்டாம். எழுந்து ஒரே பக்கமாக மட்டும் போகாதீர்கள். உயிர்காப்பு உடுப்பு எல்லோருக்கும் இருக்கிறதா, குழந்தைக்குச் சிறிய அளவு இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

காட்டுக்குள் போட்டிருக்கும் பலகை நடைபாதையில் முன்னால் பெரியவர் ஒருவர் நடக்கட்டும். உப்பும் ஈரமும் சேர்ந்து பலகையை அரிக்கும், ஆணி கழன்று துருத்தும். தில்லை மரத்தின் கிளையை ஒடிக்க வேண்டாம். வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். எது தில்லை என்று தெரியாவிட்டால் எதையும் ஒடிக்காமல் இருப்பதே வழி. நீர்க்காகம், செம்பருந்து, நாரை வகைகள் நிச்சயம் தெரியும். சேற்றுக்கரையில் நரியும் சில நேரம் வரும். கழிப்பறை வசதி படகு ஏறுமிடத்தோடு சரி, பெண்களும் முதியவர்களும் உள்ள குழுக்கள் இதை எண்ணித் திட்டமிடுங்கள்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. தரங்கம்பாடிக்கு அரை நாள் கொடுக்கலாம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், கடல் தின்று மிச்சம் வைத்த மாசிலாமணிநாதர் கோயில் மூன்றும் நடை தூரத்தில். நாகூரில் சாயங்காலம் தின்ன வாடா என்கிற பலகாரமும் தம்ரூட் என்கிற இனிப்பும் கிடைக்கும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, அப்போது இந்தச் சாலையில் விடுமுறைப் பயணம் வேண்டாம். பூம்புகாரைப் பாதி நாளுக்கு மேல் இழுக்க ஒன்றுமில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா கோபுரத்தை எட்டிப் பார்க்கலாம்.

பேருந்தில் வருபவர்களுக்கு நாகையிலிருந்து வேதாரண்யத்துக்கு வண்டி பஞ்சமில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் ரயில் பாதை 2023 ஏப்ரலில் மீண்டும் திறந்தது, வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கோடியக்கரை போய்ச் சேர எந்தப் பேருந்தும் உதவாது. முதல் நாள் இரவே ஆட்டோவோ காரோ பேசி, காத்திருப்புக்கும் சேர்த்துத் தொகையை முடித்துவிடுங்கள்.

மீன் விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கிடைப்பது நாட்டுப்படகு மீனும் காயல் மீனும்தான், விலை ஏறியிருக்கும், வெளியூர் ஐஸ் மீனும் கலந்து வரும். முத்துப்பேட்டையில் மடவை, கொடுவா, சேற்று நண்டு மூன்றும் நம்பி வாங்கலாம். நண்டு வாங்கும்போது பருமனைப் பார்க்காமல் கையில் தூக்கிக் கனத்தைப் பாருங்கள். அடிவயிற்றுப் பக்கம் கால் முளைக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் போல இருந்தால் சதை நிறைந்த நண்டு. உள்ளே அமுங்கினால் ஓடு மாற்றி அதிக நாளாகாதது, குழம்பில் போட்டால் தண்ணீராகப் போய்விடும். கொடுக்கைக் கட்டிய கயிற்றை வீட்டுக்குப் போகும்வரை அவிழ்க்க வேண்டாம்.